விஃப்ரெடோ லாமின் கரும்புக் காடு

கியூப ஓவியர் விஃப்ரெடோ லாம் ‘காடு’ ஓவியத்தை 1942 டிசம்பரில் தொடங்கி 1943 ஜனவரியில் முடித்தார். ஸ்பானிய மொழியில் அதன் பெயர் ‘லா ஹுங்லா’. ஹவானாவை ஒட்டிய மரியானோவில் அவர் குடியிருந்த வீட்டில் வரைந்தது. உயரம் 239.4 சென்டிமீட்டர், அகலம் 229.9 சென்டிமீட்டர். ஏறக்குறைய எட்டடிக்கு ஏழரை அடி. முன்னால் போய் நின்றால் படத்தில் உள்ளவர்கள் நம்மைவிட உயரமானவர்கள். புத்தகத்திலோ கைபேசியிலோ மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த முதல் செய்தியே கிடைப்பதில்லை. அலங்கார வேலைப்பாடு நிறைந்த பச்சைச் சித்திரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

இதைக் கீழிருந்து பார்க்கத் தொடங்குவது நல்லது. அடியில் பெரிய பெரிய பாதங்கள். உடலுக்குப் பொருந்தாத பருமன், தரையில் ஊன்றிய கனம். அவற்றிலிருந்து மேலே கால்கள் போகின்றன. முழங்கால் வரும் உயரத்தில் எது கால், எது தண்டு என்று பிரிக்க முடியாமல் போகிறது. தண்டுகளில் கணுக்கள் இருக்கின்றன. அதே கணுக்கள் கால்களிலும் வருகின்றன. அதற்கு மேல் தொங்கும் மார்புகள், பின்னால் துருத்தும் பிட்டங்கள், நீண்ட கைகள். தலைகளோ மனிதத் தலைகள் அல்ல. பிறை வடிவ முகமூடிகள், இடப்பக்கம் குதிரையின் நீள முகம். வல மேல் மூலையில் ஒரு கை திறந்த கத்தரிக்கோலைப் பிடித்திருக்கிறது. எண்ணினால் நான்கு உருவங்கள். ஆனால் எந்தக் கை எந்த உடலுக்கு உரியது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும்போது கணக்கு இடிக்கிறது. அந்த இடிப்பைத் திட்டமிட்டே வைத்திருக்கிறார்.

வானம் இல்லை. அடிவானக் கோடு இல்லை. உருவங்களுக்குப் பின்னால் இன்னும் தண்டுகள், தண்டுகளுக்குப் பின்னால் இருண்ட நீலப்பச்சை, அவ்வளவுதான். ஒரு நிலக்காட்சியில் கண் போய் இளைப்பாறுவதற்குத் தொலைவு என்று ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தை லாம் அடைத்துவிட்டார். பார்க்கிறவருக்கு ஏற்படும் மூச்சுமுட்டல் இதனால் வருகிறது, முகமூடிகளால் அல்ல.

தண்டுகள் எவை? கரும்பு. மூங்கில் என்று சொல்பவர்களும் உண்டு. பருத்த இலைகள் புகையிலை. இரண்டும் தானாக முளைத்த காட்டுச் செடிகள் அல்ல, நட்டு வளர்க்கிற பணப்பயிர்கள். கியூபாவில் நல்ல புகையிலை மேற்கே பினார் தெல் ரியோ பகுதியில் விளைகிறது; கரும்பு தீவின் நடுவிலும் கிழக்கிலும் உள்ள சமவெளிகளில். ஒரே வயலில் இரண்டையும் அடுத்தடுத்து யாரும் பார்த்திருக்க முடியாது. ஆக இந்தக் ‘காடு’ எந்த இடத்தின் காட்சியும் அல்ல. ஒரு நாட்டின் பொருளாதாரத்தை ஒரே சட்டத்துக்குள் நட்டு வைத்தது. லாமின் ஹவானா வட்டத்தில் இருந்த மானிடவியலாளர் ஃபெர்னாண்டோ ஓர்த்திஸ், புகையிலையையும் சர்க்கரையையும் எதிரெதிராக நிறுத்திக் கியூப வரலாற்றை விளக்கிய தன் நூலை 1940இல்தான் வெளியிட்டிருந்தார்.

வரைந்த மாதங்களும் கவனிக்கத்தக்கவை. கியூபாவில் கரும்பு வெட்டுக் காலத்தை ‘சாஃப்ரா’ என்பார்கள். மழை நின்று, தண்டில் சர்க்கரை ஏறிய பிறகு, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தொடங்கி ஏப்ரல், மே வரை நீளும். வெட்டிய கரும்பைக் காத்திருக்க விடக் கூடாது. நாள் ஆக ஆகச் சாற்றில் உள்ள சர்க்கரை குறையும். அதனால் வெட்டும் ஆட்களுக்கும் ஆலைக்கும் ஓய்வே இருக்காது. அது முடிந்ததும் மாதக்கணக்கில் வேலையே இல்லாத ‘செத்த காலம்’. அடிமை முறை கியூபாவில் சட்டப்படி முடிந்தது 1886இல். லாம் பிறந்தது 1902இல். இடையே பதினாறே ஆண்டுகள். அவர் சிறுவனாக இருந்தபோது ஊரில் இருந்த முதியவர்கள் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

லாமைப் பற்றிய அறிமுகங்கள் வழக்கமாக இரண்டு அடைமொழிகளில் முடிந்துவிடும்: பிக்காசோவின் சீடர், சர்ரியலிஸ்ட் (கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய இயக்கத்தைச் சேர்ந்தவர்). இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இந்த இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தில் ஏன் கரும்பு நிற்கிறது என்று சொல்லவே முடியாது. லாமின் சிறந்த படங்களை ஐரோப்பாவிலிருந்து அல்ல, கரும்புத் தோட்டத்திலிருந்துதான் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஐரோப்பா அவருக்குக் கருவிகளைக் கொடுத்தது. அந்தக் கருவிகளைக் கொண்டு அவர் எழுப்பியது வேறொன்று.

பிறந்த ஊர் சாகுவா லா கிராந்தே. கியூபாவின் வட நடுப்பகுதியில், சர்க்கரையால் வளர்ந்த ஆற்றங்கரை நகரம். பிறந்த நாள் 1902 டிசம்பர் 8. தந்தை யாம் லாம், கான்டன் பகுதியிலிருந்து வந்த சீனர். எழுதத் தெரியாத தன் நாட்டவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். தாய் ஆனா செரஃபினா காஸ்தியா, ஆப்பிரிக்க, ஸ்பானிய வம்சாவளி இரண்டும் கலந்தவர். விஃப்ரெடோ எட்டாவது பிள்ளை. 1847 முதல் 1874 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் எட்டாண்டு ஒப்பந்தத்தில் கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது கரும்புத் தோட்டங்களுக்கே. அந்தக் குடியேற்றத்தின் சுவடு சாகுவாவில் ஆழமாக இருந்தது.

ஞானத்தாயாக இருந்தவர் மாந்தோனிகா வில்சன். யொருபா மக்களின் வழிபாடு கியூபாவில் கத்தோலிக்கப் புனிதர்களோடு கலந்து உருவான சாந்தேரியா நெறியில் அவர் பூசாரினி. இடிக்கும் நெருப்புக்கும் உரிய சாங்கோவை வழிபட்டவர். சிறுவன் அவருடைய வீட்டில் பீடங்களையும் சடங்குகளையும் பார்த்து வளர்ந்தான். ஆனால் லாம் கடைசிவரை அந்த நெறியில் தீட்சை பெறவில்லை. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

1916இல் ஹவானா, 1918 முதல் சான் அலெஹாந்த்ரோ கலைப்பள்ளி, 1923இல் ஊர் நகராட்சி கொடுத்த உதவித்தொகையோடு மாட்ரிட். அங்கே பிராடோ அருங்காட்சியகத்தின் இயக்குநரும் ஓவியர் சால்வதோர் தாலியின் ஆசிரியருமான ஃபெர்னாண்டோ ஆல்வரெஸ் தெ சோத்தோமயோரிடம் மரபான பாடம். பாடத்தைவிட பிராடோவின் கூடங்களே அவருக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. பாஷ், புரூகல், கோயா ஆகிய பழைய ஓவியர்களின் படங்கள் முன்னால் அவர் செலவிட்ட நேரம் பின்னாளின் கலப்புயிர்களில் தெரியும். வயிற்றுப்பாட்டுக்கு உருவப்படங்கள் வரைந்தார். 1929இல் ஏவா பிரிஸை மணந்தார். 1931இல் மனைவியும் கைக்குழந்தையான மகனும் காசநோயில் இறந்தார்கள். அதற்குப் பிறகு அவர் படங்களில் தாயும் சேயும் ஓயாமல் வருகிறார்கள்.

ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்றார். சுவரொட்டிகள் வரைந்தார், மாட்ரிட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே கையாண்ட ரசாயனங்கள் உடம்பைக் கெடுத்தன. தேறுவதற்காகக் காத்தலோனியாவின் வெந்நீர் ஊற்று ஊரான கால்தெஸ் தெ மோன்புயிக்கு அனுப்பப்பட்டார். அங்கே சந்தித்த சிற்பி மனோலோ ஊகே பிக்காசோவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். 1938இல் அந்தக் கடிதத்தோடு லாம் பாரிசுக்குப் போனார்.

சீடர் என்ற சொல்லைச் சோதிக்க இதுதான் இடம். பிக்காசோவைச் சந்தித்தபோது லாமுக்கு வயது 35. பதினைந்து ஆண்டுகள் தொழில்முறையாக வரைந்தவர். பிக்காசோ செய்தது மூன்று உதவிகள்: நண்பர்களிடம் அறிமுகம், ஆப்பிரிக்கச் சிற்பங்களைக் காட்டியது, பியர் லோப்பின் காட்சிக்கூடத்துக்கு வழி. 1939இல் அங்கே தனிக்காட்சி நடந்தது. அந்தக் காலப் படங்களில் உருவங்கள் அடர்ந்த வெளிக்கோட்டுக்குள் நிற்கின்றன, நிறம் சிக்கனம், முகம் முகமூடி. நல்ல படங்கள்தான், ஆனாலும் இன்னொருவருடைய இலக்கணத்தில் எழுதப்பட்டவை. லாம் அத்தோடு நின்றிருந்தால் ‘பாரிஸ் பள்ளி’ என்று அழைக்கப்படும் பாரிஸ் ஓவியர் கூட்டத்தின் நூறு பெயர்களில் ஒன்றாகப் போயிருப்பார்.

ஜெர்மானியப் படை 1940 ஜூனில் பாரிசை நெருங்கியபோது படங்களைப் பிக்காசோவிடம் ஒப்படைத்துவிட்டு மார்செய்க்குத் தப்பினார். அமெரிக்கர் வேரியன் ஃப்ரையின் மீட்புக் குழு அகதி எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் கூட்டி வைத்திருந்த வில்லா ஏர்-பெல் என்ற வீட்டில் சர்ரியலிஸ்ட்களின் தலைவரான கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனோடு சேர்ந்தார். விசாவுக்காகக் காத்திருந்த அந்த மாதங்களில் பேனாவும் மையும் காகிதமும் மட்டுமே அவருக்குக் கிடைத்தன. அந்த வறுமையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. வெளிக்கோட்டுக்குள் அடைபட்டிருந்த உருவங்கள் திறந்துகொண்டன. பெண்ணின் தலைமயிர் இலையாகிறது, தாடை மூக்கோடு சேர்ந்து குதிரையாகிறது, கண்ணுக்குள் இன்னொரு சிறு முகம் முளைக்கிறது. பிரெத்தோனின் நீள்கவிதை ஒன்றுக்கு அவர் வரைந்த கோட்டுச் சித்திரங்கள் இந்த வகை. ஜெர்மனிக்கு இணங்கிப்போன பிரான்சின் விஷி அரசின் தணிக்கை அப்போது அதன் வெளியீட்டைத் தடுத்தது. ‘காடு’ ஓவியத்தின் உடல்கள் மார்செயின் நோட்டுப் பக்கங்களில் பிறந்தவை. கரும்பு இன்னும் வரவில்லை.

1941 மார்ச் இறுதியில் ‘கபித்தேன் போல் லெமெர்ல்’ என்ற கப்பலில் ஏறினார். பிரெத்தோனும் மானிடவியலாளர் லெவி-ஸ்த்ராஸும் எழுத்தாளர் விக்தோர் செர்ஜும் அதே கப்பலில் இருந்தார்கள். மார்த்தினிக் தீவில் இறங்கியதும் விஷி அதிகாரிகள் பயணிகளை லசாரே முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்து வெளியே வந்தபோது அந்தத் தீவின் கவிஞர் எமே செசேரைச் சந்தித்தார். தன் ஊருக்குத் திரும்பும் ஒரு கறுப்பினத்தவனின் நீள்கவிதையைச் செசேர் 1939இல் எழுதியிருந்தார். அதில் உலகெங்கும் ஒடுக்கப்பட்டவர்களோடு தன்னை அடையாளப்படுத்தும் வரிகளில் கல்கத்தாவின் இந்து மனிதனும் வருகிறான். கவிஞருக்கு அது தொலைதூரக் கற்பனை அல்ல. 1853 முதல் காரைக்கால், புதுச்சேரி துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் மார்த்தினிக்கின் கரும்புத் தோட்டங்களில் அவர் கண்முன்னே இருந்தார்கள். அவர்களில் மிகப் பலர் தமிழர்கள். செசேர், பிரெத்தோன், ஓவியர் ஆந்த்ரே மாஸ்ஸோன், லாம் எல்லோரும் சேர்ந்து தீவின் அப்சலோன் பள்ளத்தாக்கு மழைக்காட்டில் நடந்தது பலமுறை எழுதப்பட்ட நிகழ்ச்சி.

1941 ஆகஸ்டில் ஹவானா. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பியவர் கண்டது சுற்றுலாப் பயணிகளின் கேளிக்கை நகரம். கறுப்பின மக்களின் இசையும் தெய்வங்களும் இரவு விடுதிகளில் வேடிக்கைப் பொருளாகியிருந்தன. சா-சா-சா நடனத்தை வரைய மறுத்தேன் என்று அவர் பின்னாளில் சொன்னது இதைப் பற்றித்தான். தன் ஓவியம் காலனிய ஆதிக்கத்தை அகற்றும் செயல், அதுவும் மனத்தில் அகற்றும் செயல் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஆப்பிரிக்கக் கியூப மரபுகளைக் களத்தில் திரட்டிக்கொண்டிருந்த லிதியா கப்ரேரா அவருடைய நெருங்கிய தோழியானார். செசேரின் கவிதையை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர் கப்ரேராதான். 1943இல் ஹவானாவில் அந்த நூல் லாமின் சித்திரங்களோடு வந்தது. ‘காடு’ முடிந்ததும் அதே ஆண்டு. இரண்டும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகின்றன. லாமை அறிய விரும்புகிறவர் சர்ரியலிச அறிக்கைகளைப் படிப்பதைவிட செசேரைப் படிப்பது பயன் தரும்.

இனி வேலை முறை. 1942, 1943 ஆண்டுகளின் படங்கள் பெரும்பாலும் கான்வாஸில் நேரடியாகத் தீட்டியவை அல்ல. கிராஃப்ட் காகிதம், அதாவது பொட்டலம் கட்டும் பழுப்புக் காகிதம், அதில் வரைந்து பின்னர் கான்வாஸில் ஒட்டியவை. பெரிய அளவில் கான்வாஸ் வாங்கும் வசதி இல்லாத ஓவியருக்கு இது எளிதில் கிடைத்த பொருள். அது சிக்கனம் மட்டுமல்ல, படத்தின் தோற்றத்தையே தீர்மானித்தது. முதலில் கரித்துண்டால் கோடு. லாமின் கோடு தயங்காதது. தோளிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பில் போகும். அதன்மேல் நன்றாகக் கரைத்த மெல்லிய வண்ணம். காகிதம் ஈரத்தை உடனே உறிஞ்சுவதால் வண்ணத்தைத் தேய்த்துக் கலக்க முடியாது. வைத்த இடத்தில் நிற்கும், அல்லது ஒழுகும். ஆகவே அவர் சிறு சிறு தீற்றல்களாக, ஒன்றன்மேல் ஒன்று படிய வைக்கிறார். பச்சைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, அதன் ஓரத்தில் நீலம், நடுவே வெள்ளை. கலவை நடப்பது தட்டில் அல்ல, பார்க்கிறவரின் கண்ணில். சில இடங்களில் காகிதத்தின் பழுப்பையே நடுநிறமாக விட்டுவிடுகிறார். கரிக்கோடு மேலே துலங்குகிறது. இலை எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தொழில்நுட்பம்: இரண்டும் ஒரே தீற்றலால் ஆனவை, இரண்டுக்கும் அடியில் ஒரே காகிதம்.

இதில் வரும் சிக்கல்களையும் சொல்ல வேண்டும். வெளுக்காத பழுப்புக் காகிதத்தில் மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் எஞ்சியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு அது மேலும் கறுக்கும், அமிலம் கூடி நொறுங்கும் தன்மை வரும். காகிதத்தைத் தரையாக மட்டும் பயன்படுத்திய ஓவியத்தில் அது பெரிய கேடு செய்யாது. காகிதமே ஒரு நிறமாக இருக்கும் ஓவியத்தில் நிறச் சமநிலை முழுவதும் நகர்ந்துவிடும். நடுநிறம் இருண்டு வெள்ளைகள் மட்டும் துருத்தி நிற்கும். ஈரப்பதம் ஏறி இறங்கும்போது காகிதம் ஓர் அளவில் விரியும், கான்வாஸ் வேறோர் அளவில் விரியும், நடுவில் உள்ள பசை இரண்டுக்கும் ஈடுகொடுக்காது. ஓரங்கள் தூக்கும், கொப்புளம் எழும், மூலைகளில் கிழியும். பளபளப்புக்காக யாராவது வார்னிஷ் பூசினால் நிலைமை இன்னும் மோசம். மெல்லிய மட்டமான வண்ணப்படலம் வார்னிஷைக் குடித்து ஆழ்ந்து போகும், பிறகு அதை முழுவதும் எடுக்கவும் முடியாது. காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாகக் கொடுக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் அளவுதான். மங்கலாக இருக்கிறது என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. கண் பழகுவதற்குச் சில நிமிடங்கள் கொடுத்தால் நீலங்களும் பச்சைகளும் பிரிந்து வரும்.

சின்னங்களைப் படிப்பதில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. குதிரைத் தலைப் பெண் லாமின் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறாள். சாந்தேரியாவில் ஒரிஷா தெய்வம் பக்தர் மேல் ஏறும்போது அந்தப் பக்தரைக் ‘குதிரை’ என்பார்கள். தெய்வம் சவாரி செய்கிறது. அருள் வந்து நிற்கும் பெண்ணை லாம் அப்படியே வரைந்தார், தெய்வம் ஏறிய கணத்தில் முகமே மாறிவிட்டதாக. கொம்பு முளைத்த சிறு உருண்டைத் தலைகள் எலேகுவாவைச் சேர்ந்தவை. வழிகளையும் நாற்சந்திகளையும் காக்கும் அந்தத் தெய்வத்தைச் சோழிக் கண்கள் பதித்த சிறு தலையாகச் செய்து வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் வைப்பது வழக்கம். லாமின் படங்களில் அது தட்டில் இருக்கும், கையில் இருக்கும், இன்னோர் உடலின் மடிப்பிலிருந்து எட்டிப் பார்க்கும். லாடமும் கத்தியும் இரும்புக்குரிய ஒகூனை நினைவூட்டும். இருபக்கக் கோடரி சாங்கோவினுடையது.

இவ்வளவு தெரிந்ததும் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு தெய்வத்தின் பெயரை எழுதி ஒட்டத் தோன்றும். அங்கேதான் பிழை. லாம் தீட்சை பெற்றவர் அல்லர். வழிபாட்டுப் படம் வரைந்தவரும் அல்லர். ஒரிஷாக்களுக்கு உரிய நிறம், எண், உணவு ஆகியவற்றில் மரபு மிகவும் கறாரானது: எமயாவுக்கு நீலமும் வெள்ளையும், ஒச்சூனுக்கு மஞ்சளும் தேனும். லாம் அந்த விதிகளைப் பின்பற்றுவதில்லை. ஒரு தெய்வத்தின் கருவியை இன்னொன்றின் உடலோடு சேர்ப்பார். அவருக்கு அவை பேசக் கிடைத்த சொற்கள். சொல்லும் வாக்கியம் அவருடையது. கத்தரிக்கோலும் அப்படியே. அறுவடை என்கிறார்கள் சிலர். திணிக்கப்பட்ட பண்பாட்டை வெட்டி எறிதல் என்கிறார்கள் வேறு சிலர். கரும்பைக் கத்தரிக்கோலால் யாரும் வெட்டுவதில்லை, அதற்கு அரிவாள்தான். எனவே இரண்டாவது விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது.

நியூயார்க்கில் பியர் மத்தீஸ் தன் காட்சிக்கூடத்தில் 1942இல் லாமின் முதல் காட்சியை நடத்தினார். 1944இல் ‘காடு’ அங்கே வைக்கப்பட்டது. நவீனக் கலை அருங்காட்சியகம் அதை 1945இல் வாங்கியது. அதே அருங்காட்சியகம் 1944இல் நடத்திய நவீனக் கியூப ஓவியர்கள் காட்சியில் லாம் கலந்துகொள்ளவில்லை. பிக்காசோவின் ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ ஓவியமும் அங்கேதான் இருக்கிறது. அதன் அளவு 243.9 க்கு 233.7 சென்டிமீட்டர், லாமின் படத்தைவிட நாலு விரல்கூடப் பெரிதில்லை. இந்த ஒற்றுமையை வைத்தே ஒன்றை மற்றதன் மறுமொழியாகப் பலர் படித்திருக்கிறார்கள். ஒப்பிடுவது நல்லதே. பிக்காசோவின் ஐந்து பெண்களும் ஓர் அறைக்குள், திரைகளுக்கு நடுவே நின்று பார்க்கிறவரை எதிர்கொள்கிறார்கள். ஆப்பிரிக்க முகமூடி அங்கே வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அதிர்ச்சி. லாமின் படத்தில் முகமூடி வீட்டுக்காரர்.

ஆனால் அருங்காட்சியகம் நீண்டகாலம் இந்தப் படத்தை முதன்மைக் கூடங்களில் வைக்கவில்லை. மேலங்கி வைக்கும் அறைக்குப் போகும் வழியில் அது தொங்கியது. 1988இல் ஒரு விமர்சகர் அதைக் கட்டுரையாகவே எழுதிக் கண்டித்தார். படம் எங்கே தொங்குகிறது என்பது அற்பச் செய்தியல்ல. எந்த ஓவியத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதை வைத்துத்தான் மாணவர்கள் கலை வரலாற்றைக் கற்கிறார்கள். நடைபாதையில் இருந்தது பாடத்தில் வராது. அந்த நிலை மெல்ல மெல்லவே மாறியது. 2025 நவம்பரில் அதே அருங்காட்சியகம் லாமின் முழு வாழ்நாள் வேலையையும் விரித்துக் காட்டும் பெரிய காட்சியைத் திறந்தது.

1945 கடைசியில் ஹெய்ட்டி. போர்த்-ஒ-பிரின்சின் கலை மையத்தில் 1946 ஜனவரியில் காட்சி நடந்தது. பிரெத்தோனும் மருத்துவர் பியர் மாபியும் உடன் இருக்க, அந்நாட்டு வழிபாட்டு நெறியான வோடூவின் சடங்குகளைப் பார்த்தார். அதற்குப் பிறகு நிறம் ஒடுங்குகிறது. பச்சையும் ஆரஞ்சும் போய் கறுப்பு, சாம்பல், மண்நிறம் வருகின்றன. தீற்றல்கள் மறைந்து கோடு கூர்மையாகிறது; உடல்கள் கொம்பும் முள்ளுமாக நீள்கின்றன. 1947இல் வரைந்த ‘திருமணம்’ (இப்போது பெர்லினில்), 1949இன் ‘பெரும் தொகுப்பு’ இரண்டும் இந்தக் கட்டத்தின் உச்சம். ‘காடு’ ஓவியத்தோடு லாமை நிறுத்திவிடுகிறவர்கள் இந்த ஐந்தாண்டுகளை இழக்கிறார்கள். எனக்கு 1949இன் படம் 1943இன் படத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல. பழுப்புக் காகிதத்தில் கரிக்கோட்டையே முதன்மையாக விட்டு, நாலு மீட்டருக்கும் மேல் அகலமான பரப்பைத் தாங்க வைத்திருக்கிறார். ஐம்பதுகளின் இறுதியிலிருந்து வந்தவற்றில் சலிப்பு உண்டு. முள்ளும் சாய்சதுரமும் கொம்பும் பழக்கத்தால் வந்து உட்கார்ந்தவை பல.

1952இல் பாரிசில் குடியேறினார். 1954இல் டென்மார்க் ஓவியர் ஆஸ்கர் யோர்ன் அழைத்து இத்தாலியின் அல்பிசோலாவுக்குப் போனார். சுட்ட மண் வேலை அங்கே தொடங்கியது, பின்னர் அந்த ஊரிலேயே வீடும் பட்டறையும் அமைந்தன. 1960இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஓவியர் லூ லோரினை மணந்தார். மிலானில் ஜோர்ஜியோ உபிலியோவின் பட்டறையில் செய்த அச்சுப்படங்கள் தனியாகப் பார்க்க வேண்டியவை. செப்புத் தகட்டில் பிசின் தூள் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் நனைக்கும் அக்வாடின்ட் முறை. எவ்வளவு நேரம் அமிலத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆழமாக மணிகளுக்கு இடையே அரிக்கும், அவ்வளவு கருமை. வெளிர்நிறம் வேண்டிய இடத்தை முதலில் மூடிவிட்டு மறுபடி நனைக்க வேண்டும்; திரும்பிப் போக வழியில்லை. நேரம் கூடினால் பிசின் மணிகளே உதிர்ந்து, கருமை வர வேண்டிய இடம் சாம்பலாகிவிடும். தயங்காத கோடு கைவந்தவருக்கு இந்த ஊடகம் பொருந்தியது. ஓவியத்தில் அவர் தளர்ந்த ஆண்டுகளிலும் அச்சில் தளரவில்லை. செசேரின் கவிதைகளோடு இணைந்த செதுக்கோவியத் தொகுப்பு அதற்குச் சான்று.

1959 புரட்சியை ஆதரித்தார். அதிபர் மாளிகைக்காக 1965, 1966இல் வரைந்த ‘மூன்றாம் உலகம்’ இன்று ஹவானா தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1967இல் பாரிசின் மே மாதக் காட்சியை ஹவானாவுக்குக் கொண்டுவருவதில் முன்நின்றார். அப்போது கலைஞர்களும் எழுத்தாளர்களும் கூடி ஒரே இரவில் சுருள் வடிவப் பெரும் சுவரோவியம் ஒன்றைத் தீட்டினார்கள். 1978இல் பக்கவாதம் தாக்கியது. சக்கர நாற்காலியிலிருந்து தொடர்ந்து வரைந்தவர் 1982 செப்டம்பர் 11 அன்று பாரிசில் இறந்தார். சாம்பல் ஹவானாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

விலை ஏறியதால் போலிகளும் பெருகியிருக்கின்றன. 1943இல் வரைந்த ‘ஓமி ஒபினி’ 2020 ஜூனில் சுமார் 96 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. லூ லோரின்-லாம் தொகுத்த லாம் படைப்புகளின் முழுப் பட்டியல் 1996இலும் 2002இலும் இரண்டு தொகுதிகளாக வந்திருக்கிறது. விற்பனைக்கு வரும் எந்தப் படத்தையும் முதலில் அதோடு ஒப்பிட வேண்டும். போலி செய்கிறவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் கோடு. கொம்பு, சோழிக்கண், சாய்சதுரம் ஆகிய அடையாளங்களை எளிதாக அடுக்கிவிடலாம். ஆனால் அசலில் ஒரு கோடு கழுத்தாகத் தொடங்கித் தாடையாகி இலையாக முடியும். போலியில் கழுத்து கழுத்தோடு நின்றுவிடும், இலை தனியாக ஒட்டப்பட்டிருக்கும். காகிதம் மிகப் புதிதாக, ஓரமும் நடுவும் ஒரே சீரான பழுப்பில் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். உண்மையாக முதுமையடைந்த கிராஃப்ட் காகிதம் சட்டம் மறைத்த ஓரங்களில் வெளிறியும், வெளிச்சம் பட்ட நடுப்பகுதியில் கறுத்தும் இருக்கும்.